மறதி நோய்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. அல்சைமர், ஆரம்ப நிலை என்று போன மாதம் டாக்டர் சொன்னார். வீடு, பென்ஷன் கணக்கு எல்லாம் அவர் பெயரில். என் பெயருக்கு 'பவர்' (அவர் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்) எழுதி வாங்கிவிட்டால் போதுமா?
– வாசகி, தென்காசி

பதில்: போதாது. பலர் நம்பி ஏமாறும் இடம் இது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 201-ஆம் பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் சித்தத் தெளிவை இழந்துவிட்டால் பவரும் முடிந்துபோகும். அதாவது, உங்களுக்கு அது தேவைப்படும் நேரத்தில்தான் கைவிடும். அதன் பிறகு காப்பாளராக நியமிக்கக் கோரி நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும்.

ஆகவே இப்போதே தொடங்குங்கள். அம்மா இருக்கிறார் என்றால், பென்ஷன் கணக்கை அவரோடு கூட்டுக் கணக்காக்கி, 'எய்தர் ஆர் சர்வைவர்' (இருவரில் யார் வேண்டுமானாலும், ஒருவர் காலத்துக்குப் பின் மற்றவரும் இயக்கலாம்) என்று கேட்டு மாற்றுங்கள். நாமினி இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அப்பா உயிரோடு இருக்கும்வரை நாமினியால் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது.

நோயின் பெயர் வந்துவிட்டதாலேயே அவர் கையெழுத்து செல்லாமல் போகாது. உயில் எழுத அவர் விரும்பினால் இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்து பெறுகிறவர் சாட்சியாக வேண்டாம். விவரம் புரிந்துதான் முடிவெடுக்கிறார் என்று அன்றைய தேதியிலேயே டாக்டரிடம் சான்று வாங்கி வையுங்கள். யாருக்கு என்ன என்பதை அவர் வாயாலேயே சொல்லட்டும். நன்றாகத் தூங்கி எழுந்த காலை நேரம் இதற்கு ஏற்றது. அவரைக் கேட்காமல் நீங்களே பேசி முடித்துவிட்டுக் கையெழுத்து மட்டும் கேட்பது அவருக்குப் பெரிய அவமானம்.

கேள்வி: அம்மாவுக்கு மறதி நோய்க்கான டோனெபெசில் மாத்திரை 5 மி.கி. ஆரம்பித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலமானால் சொந்த வீட்டிலேயே "வீட்டுக்குப் போகணும்" என்கிறார்.
– வாசகர், கரூர்

பதில்: குமட்டல் முதல் சில வாரங்களில் சகஜம்; சாப்பிட்ட பிறகு கொடுத்துப் பாருங்கள். கெட்ட கனவு வந்தால், இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எடை குறைந்தாலோ, மயக்கம் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். இந்த மாத்திரை நாடித்துடிப்பைக் குறைக்கக்கூடியது.

பொழுது சாய்வதற்குள் எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். மங்கலில் நிழல்கூட ஆளாகத் தெரியும். "இதுதானேம்மா வீடு" என்று வாதாடினால் பதற்றம் கூடும். "அங்கே யார் யார் இருக்காங்க?" என்று பேச்சுக் கொடுத்து, தெருமுனைவரை நடந்து திரும்புங்கள்.

ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் முற்றினால் அதை மறதி நோயின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குறைவு, கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை என எதுவும் காரணமாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் கையோடு எடுத்துப் போங்கள்.