எம்டிஎஸ் லுக்கீமியாவாக மாறலாம் என்கிறார்கள். இந்தப் பயத்தோடு எப்படி இருப்பது?

அப்பாவுக்கு எம்டிஎஸ் என்று சொன்னார்கள், அது லுக்கீமியா என்ற இரத்தப் புற்றுநோயாக மாறவும் கூடும் என்கிறார்கள், அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் நித்திரை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அதே மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம்தான், இரத்தக் கலங்கள் சரியாக உருவாகாத நோய், மூன்று வருடமாகிறது. வயது 57, திருகோணமலையில் கணிதம் படிப்பிக்கிறேன்.

எனக்கு மூச்சு வாங்குவதில்தான் தொடங்கியது. கோணேசர் கோயில் ஏற்றத்தில் சின்ன வயதிலிருந்து ஏறுகிறவள், ஒருநாள் பாதியிலேயே மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். இரத்தச்சோகை என்று ஓரிடத்தில் எட்டு மாதம் இரும்புச்சத்துக் குளிசை தந்தார்கள். ஹீமோகுளோபின் ஏறவேயில்லை. பிளேட்லெட்டும் இறங்கியபோது டெங்கு என்று வாட்டில் படுக்க வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் பிளேட்லெட் என்றாலே டெங்குதான் நினைவுக்கு வரும், ஆனால் எனக்குக் காய்ச்சலே இல்லை. அங்கிருந்த இளம் டொக்டர் ஒருவர்தான் பழைய ரிப்போர்ட்டுகளைக் கட்டிலில் வரிசையாகப் பரப்பிப் பார்த்துவிட்டு, என்பு மச்சையை, அதாவது எலும்புக்குள் இரத்தம் உருவாகும் இடத்தை, சோதிக்கவேண்டும் என்று கொழும்புக்கு எழுதித் தந்தார். அந்த எட்டு மாதம் இன்னும் மனதில் கிடந்து உறுத்துகிறது.

மச்சைச் சோதனைக்கு அப்பா பயப்படுவார், அதனால் சொல்கிறேன். ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடுப்பெலும்பின் பின்பக்கத்தை விறைக்க வைத்துத்தான் எடுப்பார்கள். எனக்கு ஊசி இறங்கியது பெரிதாகத் தெரியவில்லை. மச்சையை உறிஞ்சும் அந்தச் சில விநாடிதான், காலுக்குள்ளிருந்து யாரோ கயிறு இழுப்பதுபோல் இருந்தது. அவ்வளவோடு முடிந்துவிட்டது.

இந்த நோயில் மச்சை இரத்தக் கலங்களைச் செய்யத்தான் செய்கிறது, ஆனால் அவை சரியாக முதிர்வதில்லை. பல கலங்கள் வெளியே வருமுன்னமே செத்துவிடும். முதிராத கலங்களைப் பிளாஸ்ட் என்பார்கள். சாதாரணமாக மச்சையில் அது 5 வீதத்துக்குக் குறைவு. 20 வீதத்தைத் தொட்டால் பொதுவாக அக்யூட் மைலோயிட் லுக்கீமியா, அதாவது வேகமாக முற்றும் வகை லுக்கீமியா, என்று கணக்கெடுக்கிறார்கள். மொத்தமாகப் பார்த்தால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அப்படி மாறுகிறது. ஆனால் அந்தக் கணக்கு எல்லாருக்கும் ஒன்றல்ல. பிளாஸ்ட் அளவு, குரோமோசோம் மாற்றம், ஹீமோகுளோபின், பிளேட்லெட், நியூட்ரோபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளைக் கலம்) ஐந்தையும் சேர்த்துப் பார்த்து, மிகக் குறைந்த ஆபத்து முதல் மிக உயர்ந்த ஆபத்து வரை ஐந்து படியாகப் பிரிக்கிறார்கள். அப்பா எந்தப் படி என்று தெரியாமல் பயப்படுவது, விடைத்தாளைத் திறக்காமலே புள்ளி போடுவதுபோல.

என் படி குறைந்த ஆபத்து. சிவப்புக் கலங்கள் உருவாகத் தூண்டும் எரித்ரோபொயட்டின் ஊசி, தேவைப்பட்டால் இரத்தம், "மற்றபடி பார்த்துக்கொண்டு போவோம் அம்மா" என்றார் டொக்டர். என்னை உடைத்தது அந்தச் சொல்தான். காலில் நீலம் பாய்ந்த தடம் ஒன்று கண்டால் மாறிவிட்டதோ என்று விடியவிடிய முழித்திருப்பேன். ஒருநாள் மகன் சதுரக் கொப்பி ஒன்றை வாங்கி வந்து வைத்தான். "பிள்ளைகளுக்கு வரைபு கீறப் படிப்பிக்கிறீங்கள், உங்கட ரிப்போர்ட்டைக் கீறுங்கோ" என்றான். ஹீமோகுளோபினுக்குச் சிவப்பு, பிளேட்லெட்டுக்கு நீலம், நியூட்ரோபிலுக்குப் பச்சை. பிளேட்லெட் 92 ஆயிரம், 81, 97, 78, 88. அந்த 78ஐப் பார்த்த இரவு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். தாளில் பார்த்தால் அது மரம் அரியும் வாளின் பல்லில் ஒரு பல். ஒரு புள்ளியை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது, கோடு எந்தப்பக்கம் போகிறது என்றுதான் பார்க்கவேண்டும் என்று வகுப்பில் எத்தனை வருடம் சொல்லியிருப்பேன்! அதன்பிறகு, இரத்தம் எடுக்கும் நாளிலிருந்து ரிப்போர்ட் வரும்வரை மட்டும் பயப்படுவது என்று எனக்கு நானே சொல்லிவைத்தேன். எல்லா மாதமும் முடிவதில்லை. பல மாதம் முடிகிறது.

காய்ச்சல் விஷயத்தில் மட்டும் பொறுமை வேண்டாம். நியூட்ரோபில் குறைந்தவருக்கு 100.4 பாகை பாரன்ஹீட் தாண்டினால் பனடோல் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்கக்கூடாது. அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். எங்கள் வீட்டில் கதவடியில் ஒரு பை எப்போதும் ஆயத்தமாக இருக்கும், கடைசி ரிப்போர்ட்டின் பிரதியும் அதற்குள் இருக்கும். பிளேட்லெட் குறைவென்றால் மூட்டுவலிக்கென்று டைக்ளோஃபெனாக், அஸ்பிரின் தாமாக வாங்கிப் போடவும் வேண்டாம்.

இரத்தம் ஏற்றும் ஒவ்வொரு பைக்கும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. அதை வெளியேற்ற உடம்புக்கு வழியில்லை. அடிக்கடி ஏற்றுகிறவர் என்றால் உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனை பார்க்கச் சொல்லுங்கள். பழைய இரும்புக் குளிசை வீட்டில் இருந்தால், டொக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். பிளேட்லெட் ஏறும் என்று பப்பாசி இலைச்சாற்றோடு சொந்தக்காரர் வருவார்கள், எனக்கும் வந்தார்கள். அன்பில் கொண்டுவருகிறார்கள், அவர்களோடு சண்டை வேண்டாம். ஆனால் இங்கே குறை பிளேட்லெட் உருவாகும் இடத்திலேயே இருக்கிறது. குடிக்கக் கொடுக்குமுன் டொக்டரிடம் சொல்லுங்கள்.

பிளாஸ்ட் ஏறினாலும் வழி இல்லாமல் போவதில்லை. நோயைக் கட்டுப்படுத்த அசாசிட்டிடின் என்ற ஊசி இருக்கிறது. முற்றாகக் குணமாக்க வாய்ப்புள்ளது மச்சை மாற்றுச் சிகிச்சை ஒன்றுதான், அதற்கு உடம்பு தாங்கவேண்டும்.

அடுத்த கிளினிக்குக்கு அப்பாவோடு நீங்களும் போங்கள். பிளாஸ்ட் எத்தனை வீதம், குரோமோசோம் ரிப்போர்ட் என்ன சொல்கிறது, ஐந்தில் எந்தப் படி, இந்த மூன்றையும் துண்டில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். வரும்போது ஒரு சதுரக் கொப்பியும் வாங்கி வாருங்கள்.