சின்னத் தாத்தா சோழவரத்தில் ரேஸ் ஓட்டினாரா?

கேள்வி: என் அப்பாவின் சித்தப்பா அந்தக் காலத்தில் சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் கார் ரேஸ் ஓட்டியவர் என்று வீட்டில் சொல்வார்கள். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார். மோட்டார் சைக்கிள் பக்கத்தில் அவர் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றும், பெயர் பொறிக்காத சின்னக் கப் ஒன்றும்தான் மிச்சம். அது உண்மைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதல் வேலையாக, அந்தக் கப்பைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். பழைய கப்புகளில் எழுத்து ஆழமாக இருக்காது. நாலு முறை தேய்த்தால் போய்விடும். இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, அடிப்பாகம், விளிம்பு, கைப்பிடிக்குக் கீழே என்று மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். பெயர் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். போட்டிக்கு முன்பே பொறித்து வைக்கும் கப்பில் ஜெயிக்கப்போகிறவர் பெயர் எப்படி இருக்கும்? நீங்கள் தேட வேண்டியது ஆண்டு, எத்தனை சிசி பிரிவு, எத்தனையாவது இடம் ஆகியவற்றை. எம்.எம்.எஸ்.சி. என்ற நான்கு எழுத்து தென்பட்டால், அது 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். சோழவரம் பந்தயங்களை நடத்தியவர்கள் அவர்கள்தான்.

அடுத்தது படம். வீட்டில் கார் என்கிறார்கள், படத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. இதனால் கதை பொய்யாகிவிடாது. சோழவரத்தில் இரண்டு வகைப் பந்தயமும் நடந்தது. வாய்வழியாக வரும்போது பைக் காராகிவிடுவது சகஜம். பெட்ரோல் டாங்கில் என்ன பெயர் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மைசூர் தொழிற்சாலையிலிருந்து ஜாவா வரத் தொடங்கியது 1961-ல். அதே தொழிற்சாலை வண்டிக்கு 1973 முதல் யெஸ்டி என்று பெயர். மெட்ராஸில் தயாரான புல்லட் என்றால் 1955 முதல். இப்படியே படம் எந்த வருடத்துக்கு முன்னால் இருக்க முடியாது என்பது ஓரளவு பிடிபட்டுவிடும். வண்டி முகப்பில் வட்டத்துக்குள் இருக்கும் எண் அன்றைய பந்தயத்துக்கு மட்டும் கொடுத்தது, அதை வண்டிப் பதிவு எண் என்று நினைத்து அலையாதீர்கள்.

பின்னால் தெரியும் இடத்தை வைத்து மட்டும் முடிவுக்கு வர வேண்டாம். சோழவரம் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். கல்கத்தா பக்கம் பாரக்பூரிலும் பம்பாய் ஜுஹுவிலும் ஓடுதளத்தில்தான் ரேஸ் நடந்தது. படத்தில் எல்லாம் ஒரே மாதிரி வெட்டவெளிதான். அதைவிட, படத்தைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டுடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய நெகட்டிவ் எண், சில சமயம் தேதியே இருக்கும். ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். போட்டோ பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பிரித்து வாங்குங்கள்.

படத்தின் காலத்தை நான்கைந்து வருடங்களுக்குள் சுருக்கிய பிறகுதான் நூலகம். சோழவரம் பந்தயம் பெரும்பாலும் ஆண்டின் முதல் இரண்டு மாதங்களில், வார இறுதியில் நடந்தது. ஆகவே திங்கட்கிழமை பத்திரிகை. வருடத்துக்கு ஒன்பது திங்கள் என்று வைத்தாலும் ஐந்து வருடத்துக்கு 45 இதழ்கள்தான், இரண்டு நாள் வேலை. எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் தொடங்குங்கள். ‘தி இந்து’ ஒன்றோடு நிறுத்தாமல், 1981-ல் நின்றுபோன ‘தி மெயில்’ நாளிதழையும் கேளுங்கள். 1968 வரை வந்த ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ இதழில் படங்களும் உண்டு.

முடிவுப் பட்டியல் பொடி எழுத்தில் இருக்கும். முதல் மூன்று பேர் பெயர், அடைப்புக்குறிக்குள் வண்டி, அவ்வளவுதான். இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நானும் விட்டேன். என் மாமா ஒருவரைத் தேடி மூன்று நாள் உட்கார்ந்தேன். அவர் பெயரில் முதல் நாளே கண்ணில் பட்ட ஆளை, இனிஷியல் வேறாக இருந்ததால் தாண்டிப் போய்விட்டேன். அச்சுக் கோர்த்தவர் மாற்றிய ஒரே ஓர் எழுத்து. கிருஷ்ணமூர்த்தி ‘கிருஷ்’ ஆகியிருக்கலாம், அப்பாவுக்குத் தெரியக்கூடாதென்று வேறு பெயரே கொடுத்திருக்கலாம். பெயரை விட்டு, வண்டியையும் பிரிவையும் வைத்துத் தேடுங்கள்.

அவர் சிங்கப்பூர், மலேயா பக்கம் வேலை பார்த்தவரா என்றும் கேட்டுப் பாருங்கள். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் இலவசமாகத் தேட வைத்திருக்கிறது. 1961 முதல் 1973 வரை அங்கே தாம்சன் சாலையில் நடந்த கிராண்ட் பிரி பந்தயச் செய்திகள் அதில் குவிந்து கிடக்கின்றன.

பட்டியலில் அவர் இல்லாமலும் போகலாம். அப்போது அவர் மெக்கானிக்காக இருந்தாரா என்று பாருங்கள். இரவெல்லாம் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டி வண்டியை டியூன் செய்தவர் பெயரை எந்தப் பத்திரிகையும் போட்டதில்லை. ஆனால் தெருவில் அவரைத்தான் ‘ரேஸ்காரர்’ என்பார்கள். சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் எழுபது வயதைத் தாண்டிய பட்டறைக்காரர்களிடம் படத்தைக் காட்டுங்கள். ஆளைத் தெரியாதவர்கூட வண்டியைப் பார்த்துச் சொல்வார்.

நூலகத்துக்குப் போவதற்கு முன், வீட்டில் வயதான அத்தை யாராவது இருந்தால் போய் உட்காருங்கள். “ரேஸ் ஓட்டினாரா?” என்று கேட்டால் “ஆமாம்” என்றுதான் வரும். “ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வீடு திரும்புவார், கூட யார் வருவார், வண்டி யாருடையது?” என்று கேளுங்கள்.