வலப்பக்க வீதியும் பின்மிதி பிரேக்கும்: ஓகூஸ் போகிறவர்களின் சைக்கிள் சந்தேகங்கள்

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் ஒரு கட்டு முழுவதும் ஒரே ஊரைப் பற்றியது. டென்மார்க்கின் இரண்டாவது பெரிய நகரம். அங்குள்ள நம்மவர்கள் ஓகூஸ் என்கிறார்கள், விண்ணப்பப் படிவங்களில் ஆர்ஹஸ் என்று பார்த்திருப்பீர்கள். 1928இல் தொடங்கிய பல்கலைக்கழகம் ஒன்று அங்கே இருக்கிறது. கொழும்பிலிருந்து படிக்கப் போகிறவர்கள் விசாவுக்கு அடுத்தபடியாகக் கேட்பது சைக்கிளைப் பற்றித்தான்.

கேள்வி: முதுமாணிப் படிப்புக்கு ஓகஸ்ட் கடைசியில் போகிறேன். மரைன் டிரைவில் தினமும் சைக்கிள் ஓடிப் பழக்கம். அங்கே வலப்பக்கமாக ஓட வேண்டும், அவ்வளவுதானே? – மாணவர், வெள்ளவத்தை

வலப்பக்கமாக ஓடுவது சுலபமான பகுதி, தம்பி. பெரிய வீதிகளின் இரு ஓரத்திலும் சைக்கிளுக்கென்றே தனிப்பாதை இருக்கும். வாகனத் தளத்தைவிட ஒரு படி உயரம், நடைபாதையைவிட ஒரு படி தாழ்வு. ஒவ்வொரு ஓரமும் ஒருவழிப் பாதை. கூட்டம் போகிற திசையில் நீங்களும் போவீர்கள், பிழை வராது. பிழை வருவது கூட்டமே இல்லாத இடத்தில். காலை ஆறு மணிக்கு விடுதி வாசலிலிருந்து வெறும் தெருவுக்குள் திரும்பும்போது கை தானாகவே இடப்பக்கம் இழுக்கும். முதல் இரண்டு கிழமைக்கு ஹாண்டிலின் வலப்பக்கத்தில் ஒரு துண்டு நிற டேப் ஒட்டிவையுங்கள். அந்தக் கை நடைபாதைப் பக்கம் இருந்தால் சரி. வீதியைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பாருங்கள், அருகில் வரும் வாகனம் அங்கிருந்துதான் வரும். நிற்கும்போது வலது காலை ஊன்றிப் பழகுங்கள். இடது காலை ஊன்றினால் பின்னால் முந்தி வருபவரின் வழியில் சாய்வீர்கள்.

உண்மையான பாடம் இடப்பக்கம் திரும்புவதில் இருக்கிறது. கொழும்பின் காலி வீதியில் வலப்பக்கம் திரும்பக் கையை நீட்டி, முச்சக்கர வண்டிகளுக்கிடையே மெல்ல மெல்ல நடுவுக்கு வந்து, இடைவெளி கண்டதும் எதிர்த்தடத்தைக் குறுக்கே வெட்டித் திரும்புகிறோமே, அதன் டெனிஷ் வடிவம் அங்கே சட்டப்படி தடை. சைக்கிள்காரர் சந்தியின் நடுவுக்கு வரவே கூடாது. பச்சை விழுந்ததும் ஓரமாகவே நேரே கடந்து எதிர்மூலைக்குப் போக வேண்டும். அங்கே நின்று, சைக்கிளை இடப்பக்கம் திருப்பி, இப்போது உங்களுக்கு நேரே இருக்கும் விளக்கு பச்சையாகும்வரை காத்திருந்து மீண்டும் நேரே போக வேண்டும். ஒரு திருப்பம், இரண்டு கடவை.

எதிர்மூலையில் நிற்பதற்கு முன் கையை மேலே உயர்த்துங்கள், உள்ளங்கை முன்னோக்கி, வகுப்பில் கை தூக்குவது போல. ‘நிற்கப் போகிறேன்’ என்பதற்கு அதுதான் சைகை. பின்னால் ஒரு மீற்றர் இடைவெளியில் நாலைந்து பேர் வருவார்கள். கை தூக்காமல் நின்றால் அத்தனை பேரும் உங்கள் மட்கார்ட்டில் வந்து முட்டுவார்கள். திரும்புவதற்கு அந்தந்தப் பக்கக் கையை நீட்டினால் போதும்.

வலப்பக்கம் திரும்புவது நம் ஊர் இடப்பக்கத் திருப்பம் மாதிரிதான். ஆனால் சிவப்பு விளக்கில் நழுவிப் போக முடியாது. சைக்கிளுக்கு அனுமதி என்று பலகை இருந்தால் மட்டும் போகலாம். தரையில் வரிசையாக வெள்ளை முக்கோணங்கள் உங்களை நோக்கி நின்றால் வழிவிட வேண்டியவர் நீங்கள். பஸ்ஸிலிருந்து இறங்குபவர்கள் நேரே சைக்கிள் பாதையில் கால் வைக்கும் தரிப்பிடத்தில் நீங்கள் நிற்க வேண்டும். அவர்கள் நிற்பதற்குத் தனித் திட்டு இருந்தால் அவர்கள்தான் நிற்க வேண்டும்.

சந்தியில் லொறி ஒன்று நின்றால் அதன் வலப்பக்கமாக ஊர்ந்து முன்னுக்குப் போகாதீர்கள். அங்கே சாரதி இருப்பது இடப்பக்கம். லொறி வலப்பக்கம் திரும்பும்போது அதன் ஓரத்தில் நிற்கும் சைக்கிள் அவருக்குத் தெரியாமலே போகலாம். பின்னாலேயே நில்லுங்கள். கொழும்பில் இடைவெளி கண்டால் நுழைவது கெட்டித்தனம். அங்கே உயிருக்கு ஆபத்தான பழக்கங்களில் முதலாவது அது.

கேள்வி: சைக்கிளை இங்கிருந்து கொண்டுபோகலாமா? அங்கே பழையது வாங்கினால் என்ன பார்க்க வேண்டும்? – வாசகர், பம்பலப்பிட்டி

கொண்டுபோக வேண்டாம். நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் 28 × 1½ டயருக்கு விளிம்பு விட்டம் 635 மில்லிமீற்றர். அங்கே 28 என்று விற்பது பெரும்பாலும் 622. இரண்டும் 28தான், ஆனால் ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. தேய்ந்த அன்று சைக்கிள் மூலையில் நிற்கும்.

முதல் மாதம் வாடகைக்கு எடுங்கள். பழைய சைக்கிள் விற்பவர்கள் அநேகமாக மொபைல்பே செயலியில்தான் பணம் கேட்பார்கள். அதற்கு டெனிஷ் அடையாள இலக்கமும் வங்கிக் கணக்கும் வேண்டும், வந்திறங்கிய கிழமையே அவை கிடைத்துவிடாது.

வாங்கும்போது முதலில் சட்டகத்தில் பொறித்த இலக்கத்தைப் பாருங்கள். சீட் குழாயில் இருக்கும், இல்லாவிட்டால் பெடல் அச்சுக்கு அடியில். அதை டெனிஷ் பொலிஸின் இணையத்தளத்தில் போட்டால் திருட்டுச் சைக்கிளாகப் பதிவாகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். இலக்கம் சுரண்டப்பட்டிருந்தால் பேரம் பேசாமல் திரும்புங்கள். பிறகு முன்சில்லைத் தூக்கிச் சுற்றி ஆட்டம் பாருங்கள். பெடல் தண்டுகள் இரண்டையும் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். கடகடத்தால் அச்சில் வேலை இருக்கிறது. பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தின் முன்பக்கத்தில் செயினை விரலால் முன்னோக்கி இழுங்கள். பல்லின் பாதி தெரியுமளவுக்கு எழும்பினால் செயினும் பல்லும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

கியர் பின்சில்லின் நடுக்குடத்துக்குள்ளேயே இருக்கும் வகை நல்லது. நின்றபடியே கியர் மாற்றலாம், உப்பும் மழையும் உள்ளே போகாது. இந்த வகை பலவற்றில் பின்பிரேக் காலில் இருக்கும்: பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும். நமக்கு இது புதிது. பெடலைச் சும்மா பின்னுக்குச் சுற்றும் பழக்கமுள்ளவர் நடுவீதியில் திடீரென்று நின்றுவிடுவார். விளக்குச் சந்தியில் நிற்கும்போது பெடலைப் பின்னால் சுற்றி வசதியான உயரத்துக்குக் கொண்டுவரவும் முடியாது. ஆகவே நிற்பதற்கு முன், ஒரு பெடல் முன்னால் சற்று மேலே இருக்கும்போதே பிரேக்கைப் பிடித்து முடியுங்கள். வெறுமையான வாகனத் தரிப்பிடம் ஒன்றில் இருபது தடவை செய்தால் கால் கற்றுக்கொள்ளும். கைப்பிரேக் எந்தக் கையில் எந்தச் சில்லுக்கு என்பதையும் ஏறுவதற்கு முன்பே அழுத்திப் பாருங்கள்.

பூட்டு வாங்கினால் காப்புறுதி நிறுவனம் ஏற்கும் வகையாகப் பார்த்து வாங்கி, பற்றுச்சீட்டையும் இரண்டு திறப்புகளையும் பத்திரப்படுத்துங்கள். களவு போனால் முதலில் கேட்பது அவற்றையும் சட்டக இலக்கத்தையும்தான். பொலிஸுக்கு 114, உயிராபத்து என்றால் 112.

கேள்வி: தலைக்கவசம் கட்டாயமா? – வாசகி, கொட்டாஞ்சேனை

சைக்கிளுக்குக் கட்டாயமில்லை. போடுங்கள்.

கேள்வி: மகள் அங்கே படிக்கிறாள். டிசம்பரில் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டு என்கிறாள். சைக்கிளில் போய் வருவது பயமாக இருக்கிறது. – தாயார், தெஹிவளை

அவள் சொல்வது உண்மைதான், அம்மா. டிசம்பர் நடுவில் சூரியன் பின்னேரம் 3.40 அளவில் மறைந்து, காலை 8.45 அளவில்தான் எழும். ஆனால் இருட்டைவிட ஈரத்துக்கும் பனிக்கும்தான் கவனம் வேண்டும்.

விளக்குச் சட்டம் தெளிவானது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, இரண்டும் 300 மீற்றரில் தெரிய வேண்டும். மின்னும் விளக்கென்றால் நிமிடத்துக்கு 120 தடவையாவது மின்ன வேண்டும். விளக்கு சைக்கிளில் பொருத்தியிருக்க வேண்டும்; பையிலோ மேலங்கியிலோ மாட்டினால் கணக்கில் வராது. இல்லாமல் ஓடிப் பிடிபட்டால் தண்டம் பல நூறு குரோன். குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும், ஆகவே கழற்றி அறைக்குள் கொண்டுபோகச் சொல்லுங்கள். சில்லுக் கம்பியில் காந்தம் பொருத்தி எரியும் வகையென்றால் அந்தக் கவலையே இல்லை. மணி, பெடல்களிலும் சில்லுகளிலும் ஒளிதெறிப்பான் ஆகியவையும் சட்டத்தில் உண்டு.

கறுப்பு ஐஸ் என்பது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனித்தகடு. பாலத்தின் மேலும் மர நிழலிலும்தான் முதலில் படியும். அதன்மேல் திருப்பவோ முன்பிரேக் பிடிக்கவோ கூடாது, நேரே உருண்டு போக விட வேண்டும். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பிடிமானம் கூடும். பாதைக்குப் போடும் உப்பு செயினைத் தின்னும். கிழமைக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் விட வேண்டும். பூட்டுக்குள் தண்ணீர் புகுந்து உறைந்தால் திறப்பு திரும்பாது, அதற்குள்ளும் ஒரு சொட்டு எண்ணெய். துப்பட்டாவும் நீளச் சால்வையும் மேலங்கிக்குள் இருக்கட்டும்; செயின் மூடி இல்லாத சைக்கிளை வாங்க விடாதீர்கள்.

கேள்வி: பஞ்சர் ஒட்டும் சாமான்களைப் பஞ்சிகாவத்தையில் வாங்கிக்கொண்டு போகவா? – வாசகர், மருதானை

டயர் நெம்பும் கட்டைகள், ஒட்டுத் துண்டுகள், உப்புத்தாள் கொண்டுபோகலாம். ரப்பர் சொலூஷன் கூடாது. தீப்பற்றும் திரவம், விமானத்தில் விடமாட்டார்கள். அங்கே பல சைக்கிள்களில் இருப்பது நம் ஊரில் பழகிய அதே வால்வுதான், காற்றடிக்கச் சிரமமில்லை.

பின்பிரேக் காலில் உள்ள சைக்கிளின் பின்சில்லைக் கழற்றாமலே ஒட்டுவது உத்தமம்: டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, டியூப்பை வெளியே இழுத்து ஒட்டி உள்ளே தள்ளுங்கள். கழற்றத்தான் வேண்டுமென்றால், அச்சிலிருந்து சட்டகத்துக்கு ஓடும் தட்டையான பிரேக் கையின் ஆணியை மறுபடி பூட்ட மறக்காதீர்கள். மறந்தால் பிரேக் பிடிக்கும்போது அந்தக் கை சுழலும், சைக்கிள் நிற்காது. டியூப்பைப் போடுவதற்கு முன் டயரின் உட்புறத்தை விரலால் தடவுங்கள். கண்ணாடித் துகளோ கல் சில்லோ அங்கேயே இருந்தால் பத்து நிமிடத்தில் மறுபடி காற்றுப் போகும்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரைச் சுற்றிப் பார்க்க எந்தப் பக்கம் போகலாம்? – மாணவி, வத்தளை

முதல் ஞாயிறு மேற்கே, பிரப்ராண்ட் ஏரிக்கு. நகர நடுவிலிருந்து ஆற்றோரமாகப் போகும் பாதை சமதரை, வாகனத் தொந்தரவு இல்லை, பிரேக் பழக ஏற்றது. டென்மார்க்கில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். போகும்போது முகத்தில் அடித்தாலும் களைத்துத் திரும்பும்போது முதுகில் தள்ளும். எந்தப் பயணத்தையும் இந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிடித்துப்போனால் அடுத்தது தெற்கே. துறைமுகத்தில் 2015இல் திறந்த டொக்வன் நூலகத்தடியில் தொடங்கி, கடற்கரை வீதி வழியே மார்சலிஸ்போர்க் காட்டுக்குள் போகலாம். கோடையில் கடலுக்கு மேல் 60 மீற்றர் விட்டத்தில் வட்டமாக ஒரு மரப்பாலம் நிற்கும், முடிவிலாப் பாலம் என்று பெயர், குளிர்காலத்தில் கழற்றிவிடுவார்கள். சைக்கிளை மேலே பூட்டிவிட்டு நடந்து இறங்குங்கள். இன்னும் தெற்கே, நகரத்திலிருந்து 10 கிலோமீற்றர் அளவில் மொஸ்கோர் அருங்காட்சியகம்: புல் வளர்ந்த சாய்கூரை, உள்ளே 1952இல் சதுப்பில் கண்டெடுத்த இரும்புக்கால மனிதரின் உடல். வழி ஏற்ற இறக்கம், மூன்று கியராவது வேண்டும். திரும்பும்போது காட்டுக்குள் இருட்டிவிடும். விளக்கு இல்லாமல் புறப்படாதீர்கள்.

டென்மார்க் தட்டையான நாடு என்று சொல்லி அனுப்புவார்கள். பல்கலைக்கழகம் இருப்பதே மேட்டில். காலையில் மூச்சு வாங்கும், மாலையில் இறக்கம் இழுக்கும். அந்தச் சரிவில் நொரபுரோகெட, ரண்டர்ஸ் வீதிப் பக்கம் 2017 டிசம்பரில் ஓடத் தொடங்கிய இலகு ரயிலின் தண்டவாளம் இருக்கிறது. தண்டவாளத்தின் பள்ளம் சைக்கிள் டயரை அப்படியே விழுங்கும். முடிந்தவரை செங்குத்தாகக் கடவுங்கள். ஈர இரும்பின் மேல் பிரேக் பிடிக்காதீர்கள். வளைந்து கடக்க வேண்டியிருந்தால் இறங்கித் தள்ளுங்கள். பழைய நகரத்தின் கல் பதித்த ஒழுங்கைகளிலும் கடைத்தெருவின் பாதசாரிப் பகுதியிலும் இறங்கி நடப்பதே சரி. அங்கே பார்க்க வேண்டியவை நடைவேகத்துக்கானவை.

கேள்வி: எனக்கு சைக்கிளே தெரியாது. இன்னும் நாலு மாதம் இருக்கிறது. பழகிவிடலாமா? – மாணவி, மட்டக்குளி

தாராளமாக, தங்கச்சி. இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படுமளவுக்கு சீட்டை இறக்கி, பெடல் இரண்டையும் கழற்றுங்கள். 15 ஆம் இலக்கச் சாவி வேண்டும். வலது பெடல் வழமை போல இடஞ்சுழியாகக் கழரும், இடது பெடல் வலஞ்சுழியாக. இதை அறியாமல் இறுக்கித் திருகுப் புரியைக் கெடுப்பவர்கள் உண்டு. பிறகு பள்ளிக்கூட மைதானத்தில் காலால் தள்ளித் தள்ளிப் போங்கள். இரண்டு காலையும் தூக்கியபடி பத்து மீற்றர் உருள முடிந்த நாளில் பெடலைப் பூட்டுங்கள். சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவர அண்ணா தேவையில்லை.

ஓட வந்ததும் நின்றுவிடாதீர்கள். தரைக்கோடு ஒன்றின் மேல் ஒற்றைக் கையால் ஓடவும், கோடு தவறாமல் இடத்தோளுக்கு மேலாகப் பின்னால் திரும்பிப் பார்க்கவும் பழகுங்கள். அங்கே முந்துபவர்கள் இடப்பக்கமாகத்தான் வருவார்கள், சைகை காட்டக் கை விட வேண்டும். இவை வராமல் டெனிஷ் சைக்கிள் பாதையில் ஏறினால் உங்களைவிட மற்றவர்களுக்குத்தான் ஆபத்து.

கேள்வி: ஹேர்னிங் பிள்ளையார் கோயிலுக்கு ஓகூஸிலிருந்து சைக்கிளில் போகலாமா? – வாசகர், கொழும்பு 13

80 கிலோமீற்றருக்கு மேல், அதுவும் மேற்கே, எதிர்க்காற்றில். ரயிலில் போங்கள். சைக்கிளையும் ஏற்றுவதென்றால் இடமும் தனி டிக்கெட்டும் வேண்டுமா என்று முதலே பாருங்கள்; கொப்பன்ஹேகனின் நகர ரயிலில் சைக்கிள் இலவசம் என்று கேள்விப்பட்டு எல்லா ரயிலிலும் தள்ளிக்கொண்டு ஏறிவிடாதீர்கள்.