கேள்வி நேரம்: வெள்ளை பேண்ட்டும் கண் சோதனையும்

கேள்வி: படுகொலைகளைப் பற்றிப் படம் எடுக்கிறவர்கள் 'உண்மைச் சம்பவம்' என்று ஒரு கார்டு போட்டுவிடுகிறார்கள். தியேட்டரில் ஜனம் அழுகிறது, கோஷம் போடுகிறது. எதை நம்புவது?
(ஈரோடு வாசகர் ஒருவர்)

பதில்: எனக்கு ஒரு வழக்கம் உண்டு. இந்த மாதிரிப் படம் எந்தத் தேதியில் தொடங்குகிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்த்துக்கொள்வேன். அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று தேடினால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

இந்தோனேசியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1965 செப்டம்பர் 30 இரவு, ராணுவத்துக்குள்ளேயே இருந்த ஒரு குழு ஆறு ஜெனரல்களையும் ஒரு லெப்டினென்டையும் கொன்று, ஜகார்த்தாவை ஒட்டிய லுபாங் புவாயாவில் ஒரு பாழுங்கிணற்றில் போட்டது. பழி முழுக்கக் கம்யூனிஸ்ட் கட்சி மேல் விழுந்தது. அடுத்த சில மாதங்களில் கட்சிக்காரர்கள், விவசாயச் சங்கத்தார், ஆசிரியர்கள் என்று 5 லட்சம் முதல் 10 லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள். ஜெனரல் சுகார்த்தோ நாற்காலியில் உட்கார்ந்தார்.

1984இல் அவருடைய அரசே இதைப் படமாக எடுத்தது. நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடும். இயக்குநர் அரிஃபின் நூர் ஏதோ கூலிக்கு மாரடித்தவர் அல்ல, நாடக உலகில் பெரிய கை. அதனால்தான் படம் நன்றாகவே இருக்கிறது, அதுதான் வினை. வருஷா வருஷம் செப்டம்பர் 30 இரவு அரசுத் தொலைக்காட்சியில் போடுவார்கள். பள்ளிப் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும். 1998இல் சுகார்த்தோ விழுகிறவரை இது நடந்தது.

படம் ஜெனரல்களின் இறுதிச் சடங்கோடு முடிகிறது. அதாவது 1965 அக்டோபர் 5. அதற்கப்புறம் செத்த லட்சக்கணக்கானவர்களுக்கு அதில் ஒரு நிமிஷம்கூடக் கிடையாது.

இருக்கிற நாலு மணி நேரத்திலும் வில்லங்கம். ஜெனரல்களைச் சித்திரவதை செய்து கூத்தாடியதாகக் காட்டுகிறார்கள். அவர்களுடைய கண்களைத் தோண்டிவிட்டார்கள் என்பது 1965லேயே ராணுவப் பத்திரிகைகள் கிளப்பிவிட்ட கதை. ஆனால் உடல்களைப் பரிசோதித்த டாக்டர்கள், அவர்களை நியமித்ததே சுகார்த்தோதான், குண்டுக் காயங்களையும் அடிபட்ட காயங்களையும்தான் குறித்தார்கள். யாரும் கண்ணைத் தோண்டவில்லை. அந்த அறிக்கையை பெனடிக்ட் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் 1987இல் அமெரிக்காவில் வெளியிட்டார். ஓர் ஆய்விதழை எத்தனை பேர் படிப்பார்கள்? தொலைக்காட்சியை நாடே பார்த்தது.

கேள்வி: 'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்' பார்த்தேன். கொலைகாரனையே நடிக்கவிட்டு ஒரு படமா? செத்தவர்களுக்கு இது அவமரியாதை இல்லையா?
(ஊடகவியல் மாணவி, மதுரை)

பதில்: எனக்கும் முதல் அரைமணி நேரம் எழுந்து போய்விடலாம் போலத்தான் இருந்தது. பார்க்காதவர்களுக்காக: ஜோஷுவா ஓப்பன்ஹைமர் (அணுகுண்டுக்காரர் வேறு, இவர் வேறு) 2012இல் வெளியிட்ட ஆவணப்படம் இது. சுமத்ராவின் மெடான் நகரத்தில் 1965இல் ஆட்களைக் கொன்றவர்களிடம் போய், 'நீங்கள் செய்ததை உங்கள் இஷ்டப்படி நடித்துக் காட்டுங்கள்' என்கிறார். அவர்களும் குஷியாக நடிக்கிறார்கள். டெலி புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம்மவர்களின் வாரிசுகள் இன்றும் வாழ்கிற, மாரியம்மன் கோயில் உள்ள ஊர்தான் மெடான்.

முக்கிய ஆள் அன்வர் காங்கோ. சினிமா தியேட்டரில் பிளாக்கில் டிக்கெட் விற்ற ரவுடி. இடதுசாரிகள் அமெரிக்கப் படங்களை எதிர்த்தார்கள், வருமானம் படுத்தது, கோபம். படம் பார்த்துவிட்டு அதே உற்சாகத்தோடு தெருவைத் தாண்டிப் போய்க் கொன்றதாக அவரே சொல்கிறார். ரத்தம் நாறுகிறது என்று அப்புறம் கம்பியால் கழுத்தை இறுக்கினாராம். அந்த யோசனையும் சினிமாவில் பார்த்ததுதான்.

ஒரு மொட்டைமாடியில் அதைச் செய்து காட்டிவிட்டு ஆடவும் ஆடுகிறார். பிறகு அந்தக் காட்சியை அவருக்கே போட்டுக் காட்டுகிறார்கள். மனுஷன் முகம் சுருங்குகிறது. சரி, மனசாட்சி குத்துகிறது என்று நாம் நிமிர்ந்து உட்கார்ந்தால், அவருடைய கவலை பேண்ட்டைப் பற்றி. வெள்ளை பேண்ட் போட்டிருக்கிறேனே, பிக்னிக் போகிற மாதிரி இருக்கிறதே, கொல்லப் போகும்போது இப்படிப் போகமாட்டேனே என்கிறார். தண்டனை பயமே இல்லாமல் நாற்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்த ஒருவனுக்குத்தான் இந்தப் பேச்சு வரும். எந்த நடிகரை வைத்தும் இதை எடுத்திருக்க முடியாது. அதனால் அவமரியாதை என்று நான் சொல்லமாட்டேன்.

குறை வேறு இடத்தில். ரவுடிகளையே பார்த்துக்கொண்டிருந்ததில் ராணுவம் ஓரமாக நழுவிவிட்டது. கம்யூனிஸ்ட்டுகளின் பெயர்ப் பட்டியலை ராணுவத்துக்குக் கொடுத்த அமெரிக்கத் தூதரகமும் அப்படியே. படம் முடிந்ததும் பெயர்கள் ஓடுகிற இடத்தில் மட்டும் கண்ணை எடுக்காதீர்கள். இந்தோனேசியக் கலைஞர்கள் பலரும், இணை இயக்குநர் ஒருவர் உட்பட, 'பெயர் வெளியிடப்படாதவர்' என்றே வருகிறார்கள். 2012இலும் பெயரைப் போட முடியாத பயம்.

உங்களை உறுத்துகிற கேள்விக்குப் பதிலாக ஓப்பன்ஹைமரே 2014இல் 'தி லுக் ஆஃப் சைலன்ஸ்' எடுத்தார். இதில் கேட்கிறவர் செத்தவனின் தம்பி. ஆதி என்று பெயர், அண்ணன் ரம்லி கொல்லப்பட்ட பிறகு பிறந்தவர். வீடு வீடாகப் போய்க் கண் சோதித்துக் கண்ணாடி கொடுக்கிற தொழில். கொலையில் சம்பந்தப்பட்ட கிழவர்களுக்கு கண் சோதிக்கிற கண்ணாடி ஃபிரேமை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றி, 'இப்போது தெரிகிறதா?' என்று கேட்டுக்கொண்டே 1965க்கு வருகிறார். ஒருவர் கோபப்படுகிறார், ஒருவர் மிரட்டுகிறார். ஆதியின் குரல் உயரவே இல்லை.

அதே படத்தில் ஆதியின் பையன் படிக்கிற வகுப்பறையும் வருகிறது. கம்யூனிஸ்ட்டுகள் ஜெனரல்களின் கண்களைத் தோண்டினார்கள் என்று வாத்தியார் பாடம் நடத்துகிறார். டாக்டர்கள் அப்போதே எழுதிவைத்தும், அந்தக் கதை பெரியப்பாவைப் பறிகொடுத்த வீட்டுப் பிள்ளையின் பாடமாக வந்து நிற்கிறது. படம் வெளிவருவதற்கு முன்பே ஆதியின் குடும்பம் பாதுகாப்புக்காக வேறு ஊருக்குக் குடிபெயர வேண்டியிருந்தது.

கேள்வி: இந்தோனேசிய அரசு இதுவரை மன்னிப்புக் கேட்டிருக்கிறதா?
(சிவகாசி வாசகர்)

பதில்: இல்லை. 2023 ஜனவரியில் ஜனாதிபதி ஜோகோ விடோடோ, 1965–66 கொலைகள் உட்பட 12 மனித உரிமை மீறல்களுக்காக வருந்துவதாகச் சொன்னார். மன்னிப்பு என்று வாயைத் திறக்கவில்லை. 2017இல் ராணுவத் தளபதி அந்த 1984 படத்தை மறுபடி ஊர் ஊராகத் திரையிடச் சொன்னபோது, இதே ஜனாதிபதி போகோரில் சிப்பாய்களோடு உட்கார்ந்து பார்த்தார். இன்றைய இளைஞர்களுக்குப் பிடிக்கிற மாதிரி அதைப் புதிதாக எடுக்கலாம் என்று யோசனையும் சொல்லியிருந்தார்.