மரகதம் யார் வீட்டுச் சொல்?

கேள்வி: எங்கள் பெண் குழந்தைக்கு என் கணவருடைய பாட்டியின் பெயரான ‘மரகதம்’ என்பதையே வைக்க விரும்புகிறோம். ‘அது வடசொல், தமிழ்ப் பெயராகப் பார்’ என்கிறார் என் அண்ணன். பெயர்ப் பட்டியல் ஒன்றில் ‘மரம் + கதம்’ என்று பிரித்து, ‘மரத்தின் நிறம் கொண்டவள்’ என்று பொருள் போட்டிருக்கிறார்கள். எது சரி? பெயர் பழையதாகத் தெரியுமோ என்ற தயக்கமும் இருக்கிறது.

பதில்: முதலில் அந்தப் பட்டியலை மூடி வைத்துவிடுங்கள். ‘கதம்’ என்றால் தமிழில் சினம். ‘கதங்காத்துக் கற்றடங்கல் ஆற்றுவான்’ என்ற 130ஆம் குறளில் வருவது அந்தக் கதம்தான். பட்டியல்காரர் சொன்னபடி பிரித்தால் உங்கள் மகளுக்கு ‘மரத்தின் கோபம்’ என்று பெயர் வைத்ததாக ஆகும். மேலும், மரம் + கிளை ‘மரக்கிளை’ ஆவதுபோல அதுவும் ‘மரக்கதம்’ என்று வலி மிகுந்திருக்க வேண்டும். பெயர்களைக் கண்ட இடத்தில் உடைத்துப் பொருள் சொல்லும் இந்தப் பழக்கம் எப்போது ஓயுமோ!

உங்கள் அண்ணன் சொல்வது பாதி சரி. தமிழில் ‘மரகதம்’ என்பதும் வடமொழியில் ‘மரகத’ என்பதும் ஒரே சொல்தான். ஆனால் வடமொழிக்கும் அது வந்த சொல்லே என்பதுதான் மொழி ஆய்வாளர் பலருடைய கருத்து. பழைய அக்காடிய மொழியில் ‘பர்ரக்து’, எபிரேயத்தில் ‘பாரெகெத்’ என்று மணிக்கல்லைக் குறிக்கும் சொற்கள் இருக்கின்றன. இந்த இரண்டும் அரபியும் சேர்ந்த செமித்திய மொழிக் குடும்பத்தில், மின்னுதலைக் குறிக்கும் ஒரு வேரிலிருந்து கிளைத்தவையாக அவற்றைக் கருதுகிறார்கள். அரபியில் மின்னலை இன்றும் ‘பர்க்’ என்பார்கள். கிரேக்கர் நாவில் அந்தச் சொல் ‘ஸ்மாரக்தோஸ்’ ஆகி, இலத்தீன் வழியாகவும் பழைய பிரெஞ்சு வழியாகவும் ஆங்கிலத்தின் ‘எமரால்டு’ ஆனது. ஸ்பானியத்தில் ‘எஸ்மரால்டா’ ஆகிப் பெண்ணின் பெயராகவும் நிலைத்தது. நம் பக்கத்து வடிவம் கிழக்கே பயணம் செய்து தாய்லாந்து மொழியில் ‘மோரகோத்’ என்று வழங்குகிறது. பண்டைய உலகத்துக்கு மரகதம் தந்த பெரிய சுரங்கங்கள் எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் இருந்தன. கல்லை விற்றவர்களும் வாங்கியவர்களும் கல்லோடு சேர்த்துப் பெயரையும் கைமாற்றிக்கொண்டார்கள் என்று எண்ணுவதில் தவறில்லை. ஆக, வேர்ப்பொருள் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது பச்சை நிறம்கூட அல்ல, மின்னுவது என்பதே.

சரி, தமிழில் இதற்கு என்ன உரிமை? சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில், ‘மரகத மணியொடு வயிரம் குயிற்றி’ என்று புகாரின் மாளிகைகளில் பதித்த மணிகளைப் பற்றி வருகிறது. ஊர்காண் காதையில் மதுரையின் மணிக்கடைத் தெருவைச் சொல்லுமிடத்தில், ஏகை, மாலை, இருள் என்ற குற்றங்கள் நீங்கிய பசுங்கதிர் மணி என்று மரகதத்தைத் தரம் பார்த்தே பேசுகிறார் இளங்கோ. ஏகை என்பது கல்லுக்குள் ஓடும் கீற்று. கீற்றே இல்லாத மரகதம் இன்றைக்கும் அரிது. எனவே அந்த வரிகளைப் படிக்கும்போது, கல்லை ஒளிக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தவரின் கண் தெரிகிறது.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது கம்பரின் இடம். கானகம் செல்லும் இராமனின் மேனியைச் சொல்ல வந்தவர், ‘மையோ, மரகதமோ, மறிகடலோ, மழைமுகிலோ’ என்று ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்துப் பார்த்து, ஒன்றும் போதாமல் ‘ஐயோ’ என்று விட்டுவிடுகிறார். கண் மை கருப்பு, கடல் நீலம், மரகதம் பச்சை. மூன்றும் கவிஞரின் கண்ணுக்கு ஒரே நிறத்தின் சாயல்கள். பெண்பெயர் என்று நாம் நினைத்திருக்கும் சொல் இங்கே ஓர் ஆணின் அழகுக்கு உவமையாக நிற்பதையும் கவனியுங்கள். இத்தனை காலம் இங்கே புழங்கிய சொல்லை இன்னும் விருந்தாளி என்று அண்ணன் சொன்னால், எனக்கு ஒப்புதல் இல்லை.

இன்று மரகதம் என்பது குரோமியம் அல்லது வனேடியத்தால் பச்சையேறிய பெரில் வகைக் கல்லை மட்டுமே குறிக்கும். முன்பு பச்சைக் கற்கள் பலவற்றுக்கும் இந்தப் பெயர் பொருந்தியது. பாங்காக்கின் புகழ்பெற்ற மரகத புத்தர் சிலைகூட இந்தப் பெரில் கல்லால் ஆனதன்று. விக்டர் யூகோவின் 1831ஆம் ஆண்டு நாவலில் வரும் எஸ்மரால்டாவோ, தன் பெயருக்குக் காரணமாக இருக்கலாம் என்று காட்டுவது அவள் கழுத்துப் பையில் பதித்திருந்த வெறும் பச்சைக் கண்ணாடியைத்தான்!

பழையதாகத் தெரியுமா என்றால், தெரியும். பாட்டியின் பெயர் வேறெப்படித் தெரியும்? கூப்பிடுவதற்குச் சுருக்கமாக வேண்டுமானால் வீட்டில் தானாகவே ஒன்று பிறந்துவிடும். அதை இப்போதே தேட வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் ககரமும் தகரமுமாக எழுதினாலும், சொல்லின் நடுவில் வருவதால் இரண்டும் மெலிந்தே ஒலிக்கின்றன. அதனால் ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் ‘ஜி’ போடுவார், இன்னொருவர் ‘கே’ போடுவார். தகரத்துக்கு ‘டி’யா ‘டிஎச்’சா என்ற குழப்பம் வேறு. பிறப்புச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்கும் முன்பே வீட்டில் உட்கார்ந்து ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, பள்ளிச் சேர்க்கைக்கும் கடவுச்சீட்டுக்கும் அதையே கொடுங்கள்.