வாசகர் கேள்வி: நாலு கட்டத்தில் சிரிப்பு

கேள்வி: என் நாலு கட்டச் சித்திரக்கதை இது: கருவாடு காயும் இடத்தில் பேரனைக் காவலுக்கு வைக்கிறார் அப்பத்தா. 'காக்கா ஒண்ணுகூட வரக் கூடாது' என்கிறார். இரண்டாம் கட்டத்தில் பூனை வருகிறது, மூன்றில் தின்கிறது. நான்கில் அப்பத்தா, 'காக்கா வரல, பூனை தின்னுட்டுப் போயிருச்சே!' என்கிறார். வரைந்து காட்டினேன், யாரும் சிரிக்கவில்லை. ஏன்? (தங்கச்சிமடம் வாசகர்)

பதில்: சரக்கு நல்ல சரக்கு. பூனையை இரண்டாம் கட்டத்திலேயே அவிழ்த்துவிட்டதுதான் கோளாறு. முடிவு அங்கேயே தெரிந்துபோகிறது, மிச்சம் இரண்டு கட்டமும் வெறும் காத்திருப்பு. போதாததற்கு, படத்தில் தெரிவதையே அப்பத்தா வாயாலும் சொல்கிறார்.

கடைசிக் கட்டத்தை முதலில் வரையுங்கள். பையன் கம்போடு நிமிர்ந்து நின்று, 'காக்கா ஒண்ணுகூட வரல அப்பத்தா!' என்கிறான், அவன் முதுகுக்குப் பின்னால் பூனை கடைசிக் கருவாட்டைக் கவ்வுகிறது. சொல் ஒன்று, படம் வேறொன்று. அந்த முரணில்தான் சிரிப்பு இருக்கிறது. பிறகு பின்னோக்கி வாருங்கள். முதல் கட்டத்தில் அப்பத்தாவின் கட்டளை. இரண்டில் பையன் காக்கைகளை முறைக்கிறான். மூன்றில் வசனமே வேண்டாம்: அதே இடம், அதே முறைப்பு, ஓரத்தில் ஒரு வால் நுனி மட்டும். வாலும் இல்லாவிட்டால் பூனை வானத்திலிருந்து குதித்ததுபோல் இருக்கும்.

பையனின் இடமும் பார்க்கும் கோணமும் நாலு கட்டத்திலும் மாறக் கூடாது. பின்னணி அசையாமல் இருந்தால்தான் வால் கண்ணில் படும். பாம்பன் பாலத்தையும் வரைய ஆசை வரும். இந்தக் கதைக்கு அது வேண்டியதில்லை.

கேள்வி: வசனம் பலூனுக்குள் (பேச்சு எழுதும் வட்டத்துக்குள்) அடங்குவதே இல்லை. கட்டத்துக்கு என்ன அளவு? (கீழக்கரை வாசகி)

பதில்: பலூனை முதலில் வரைந்தால் அடங்காது. எழுத்தை முதலில் எழுதி, அதைச் சுற்றிப் பலூனைப் போடுங்கள். ஏ4 தாளைக் கிடையாக வைத்தால் அகலம் 29.7 செ.மீ. ஆறரை செ.மீ. அகலத்தில் நாலு கட்டம், நடுவே அரை செ.மீ. இடைவெளி, இரு ஓரமும் ஒரு செ.மீ.க்குச் சற்றுக் கூடுதல்: சரியாக உட்காரும். உயரம் 8 செ.மீ.

எழுத்து 4 மி.மீ. உயரம், வரிக்கு வரி 8 மி.மீ. இதைக் குறைத்தால் மேல்வரி 'து'வின் காலும் கீழ்வரி 'கீ'யின் சுழியும் முட்டிக்கொள்ளும். இந்த அளவில் வரிக்குச் சுமார் 12 எழுத்து, மூன்று வரி. ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் இடமில்லை, அதுவும் நல்லதுதான். முதலில் பேசுபவரை இடப்பக்கம் நிறுத்தி, அவர் பலூனைச் சற்று மேலே வையுங்கள்.

கேள்வி: மழை மாதத்தில் மை ஊறுகிறது. (தொண்டி வாசகர்)

பதில்: தாள் ஈரத்தை இழுத்திருக்கிறது. தாளைப் பிளாஸ்டிக் உறையில் மூடி வையுங்கள். மைப்பேனாவை விட்டு, நீரில் கரையாத மையுள்ள வரைபேனா வாங்குங்கள். உள்ளங்கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் இருக்கட்டும். மை நன்றாகக் காய்ந்த பிறகே பென்சில் கோட்டை அழியுங்கள்.