கல்யாண மண்டப மேடையும் ஒரு பி.ஆர்க். சீட்டும்

அண்ணாச்சி, பிளஸ் டூ முடித்தால் பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று கேட்டுப் போன ஞாயிறு பாளையங்கோட்டையிலிருந்து குடும்பத்தோடு வந்தீர்கள். பிள்ளை சின்ன வயதிலிருந்து பரதம் ஆடுகிறாள், கணக்கிலும் கெட்டி. பெங்களூர் பெரியப்பா கம்ப்யூட்டர் சயன்ஸ்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். ‘கவலைப்படாதீங்க, பாத்துக்கலாம்’ என்று அனுப்பிவைத்தேன். அது தப்பு. பெரியப்பா சொல்கிறார் என்பதற்காகச் சேர்க்காதீர்கள். ஃபீஸ் கட்டப்போவதும் அவரில்லை, உட்கார்ந்து படிக்கப்போவதும் அவரில்லை.

செருப்பு மாட்டும்போது அவள் சொன்னதைக் கவனித்தீர்களா? கல்யாண மண்டப மேடையில் ஆழம் போதவில்லை என்று முன்னும் பின்னும் போகும் அடவை (ஆட்ட அசைவை) பக்கவாட்டுக்கு மாற்றினாளாம். ஓரத் தூண் மறைக்கிறதென்று நிற்கும் இடத்தை இரண்டடி தள்ளினாளாம். இடத்தை உடம்பால் அளக்கிற புத்தி இது. கட்டடம் வடிவமைக்கிற ஆர்க்கிடெக்சர் படிப்புக்கு, அதாவது பி.ஆர்க்.குக்கு, வேண்டியதும் இதுதான்.

பழைய ஆடற்கலை நூலான நாட்டிய சாஸ்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் முழுக்க அரங்கு கட்டுவதுதான். நடுத்தர அரங்குக்கு 64 முழ நீளம், 32 முழ அகலம். அதில் பாதி பார்ப்பவர்களுக்கு. அதைவிடப் பெரிதானால் குரல் தெளியாது, முகபாவம் தெரியாது என்று காரணமும் சொல்கிறது. ஆடுகிறவர் முகம் எட்டுகிற தூரத்தில் சுவர் நிற்கிறது. கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே, கை உயர்த்திய மனிதனுக்கு 226 செ.மீ. என்று வைத்துத் தன் அளவுமுறையை அமைத்தார். நடன ஆசிரியர் ருடால்ஃப் லாபான், நின்ற இடத்திலிருந்து கைகால் எட்டும் வெளியை ஒரு கோளமாக வகுத்து நடனம் சொல்லிக்கொடுத்தார். நம் வீட்டு அடுப்பு மேடை, மாடிப்படி எல்லாம் உடம்பு எட்டுகிற இந்தக் கணக்குதான்.

நெல்லையப்பர் கோயிலில் 1647இல் கட்டிய சங்கிலி மண்டபம் வழியாக அம்மன் சன்னதிக்கு அவளோடு ஒருமுறை நடந்து பாருங்கள். தூண் வரிசைக்குத் தக்கபடி நடை தானாக மாறும். (சிவன் ஆடும் சபைகளில் ஒன்றான தாமிர சபையே அந்தக் கோயிலுக்குள் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஆட்டம் வேறு, கட்டடம் வேறு என்கிறோம்!)

பி.ஆர்க். 5 வருஷம். நாட்டா என்கிற ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வுக்கு 200, பிளஸ் டூவுக்கு 200, ஆக 400க்குத் தமிழ்நாட்டு ரேங்க். திருச்சி என்.ஐ.டி. என்றால் ஜே.இ.இ. மெயினில் பி.ஆர்க். தாள் எழுத வேண்டும். நாட்டாவில் வரைவதற்கே 80 மார்க். ஆடத் தெரிந்தால் வரைய வந்துவிடாது. இன்றைக்கே பென்சிலை எடுக்கட்டும்.

செலவில் மட்டும் நான் கறார். ஐந்தாவது வருஷ ஃபீஸையும் இப்போதே கூட்டிப் பாருங்கள். மாடல் அட்டை, பிரிண்ட், லேப்டாப் தனி. ஆரம்பச் சம்பளம் ஐ.டி. பிள்ளைகளைவிடக் குறைவாக இருக்கலாம். கவுன்சலிங்கில் கிடைத்தால் சேருங்கள்; மேனேஜ்மென்ட் சீட்டுக்காக வயலை அடமானம் வைக்காதீர்கள். ஆர்க்கிடெக்சர் கவுன்சில் அங்கீகாரம் இல்லாத கல்லூரிப் பக்கமே போக வேண்டாம். அங்கே படித்தால் ஆர்க்கிடெக்ட் என்று பதிவு செய்ய முடியாது.

அடுத்த ஞாயிறு அவளும் அம்மாவும் வந்தால் போதும். அந்தக் கல்யாண மண்டப மேடையை, தூணோடு, அளவு போட்டு வரைந்து கொண்டுவரச் சொல்லுங்கள்.